மூன்றில் இரண்டு

எனக்கு ஒன்றும் தெரியாது என்பதற்காகவே எனக்கு ஒரு வேலை கிடைத்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், பலெர்மோ துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடற்படைக்குக் கம்ப்யூட்டர் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பனியில் நான் வயர் பிடுங்குகிறவளாக இருந்தேன்.

முதலில் அந்தக் கம்பனியின் இன்ஜினியர் வீட்டில்தான் துப்புரவு வேலை செய்தேன். அவருடைய மனைவி, எங்கள் சிஞ்ஞோரா, கம்பனியையும் கூட்டித் துடைத்துவிடேன் என்றாள். கம்பனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி, கடலைப் பார்த்த ஜன்னல்கள், கூரையில் ஓயாமல் சுற்றும் ஒரு ராடர், நடு அறையில் அலுமாரி உயரத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள். அவ்வளவுதான். பாதுகாப்புத் துறைக்கு வேலை நடக்கும் இடத்துக்குள், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க விடியற்காலையில் வரிசையில் நிற்கிற ஒரு யாழ்ப்பாணத்துக்காரியை எப்படி விட்டார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் வேலை போய்விடும் என்று விளங்கும் அளவுக்கு மூளை இருந்தது.

ஒருநாள் நிலம் துடைத்துக்கொண்டிருந்தபோது இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டு, அலுமாரிகளுக்குப் பின்னால் போய் ஏதாவது ஒரு வயரைப் பிடுங்கச் சொன்னார். என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். துப்புரவு வேலைக்கு வந்த முதல் நாளில் எனக்குச் சொன்ன ஒரே புத்திமதி, வயரில் கை வைக்காதே என்பதுதான். எந்த வயர் என்று கேட்டேன். அதைக் கேட்கக் கூடாது, அதுதான் விஷயமே என்றார். தன்னுடைய ஆட்களுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தவனுடைய கை தன்னை அறியாமலே ஆபத்தில்லாத வயருக்குத்தான் போகும், ஒன்றும் தெரியாத ஒரு கை வேண்டும் என்று விளக்கினார். அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் இருமல் வரும்வரை சிரித்தார். அன்றைக்கு முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் பிடுங்கினேன். ஒரு அலுமாரியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை. திரையில் கப்பல்கள் பச்சைப் புள்ளிகளாகத் தங்கள் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தன. இன்ஜினியரும் அவருடைய ஆட்களும் கை தட்டினார்கள். ஊரில் கணக்குப் பாடத்தில் முதலாவதாக வந்தபோதுகூட எனக்கு யாரும் கை தட்டியதில்லை.

இன்ஜினியருக்குத் தன் வேலையை விளங்கப்படுத்துவதில் பெரிய ஆசை. வீட்டில் சிஞ்ஞோரா கேட்க மாட்டாள், ஆகவே நான் அகப்பட்டேன். மூன்று கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று வயரால் பேசிக்கொள்ளும். மூன்றும் ஒரே கடலைப் பார்க்கும். எங்கே கப்பல் இருக்கிறது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக முடிவு செய்யும். பிறகு ஒன்றையொன்று கேட்கும். இரண்டு ஒரே மாதிரிச் சொன்னால் அதுதான் உண்மை. மாறிச் சொல்லும் மூன்றாவதை ஒதுக்கிவிடும். ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் வேலையைக் கொண்டுபோகும். நடுக்கடலில் வைத்துத் திருத்த முடியாத சாமான் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்.

இதைத்தானே நாங்கள் வருஷக் கணக்காக வீட்டில் செய்துகொண்டிருக்கிறோம் என்று நான் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கு அப்போது டெலிபோன் இல்லை. ஊர்ச் செய்தி பலெர்மோவுக்கு வந்து சேர எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. கொழும்பில் என் பெரியம்மா, சென்னையில் என் சித்தப்பா, லண்டனில் என் கணவரின் தங்கை, அதாவது என் மச்சாள். ஒரு இடத்திலிருந்து செய்தி வந்தால் அழவும் கூடாது, சிரிக்கவும் கூடாது. இரண்டு இடத்தால் வந்தால் நம்பலாம். இது என் கணவர் போட்ட சட்டம். சும்மா போடவில்லை. அவருடைய அம்மா கொழும்புக்கு வந்துவிட்டா என்று யாரோ ஒருவர் சொன்னதை நம்பி, தான் கோப்பை கழுவும் மொண்டெல்லோ ரெஸ்டாரண்டில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். அம்மா வீட்டுப் படலையைக்கூடத் தாண்டவில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது.

இன்ஜினியர் இதைக் கேட்டு மகிழ்ந்துபோனார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொன்னார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

யாழ்ப்பாணத்தைவிட்டுச் சனம் எல்லாம் வெளிக்கிட்டதற்கு அடுத்த வருஷம், வன்னியில் இருந்த என் தம்பி பேசாலைக்குப் போய்விட்டான் என்று பெரியம்மா சொன்னா. பேசாலைக்கு ஒருவன் போகிறான் என்றால் படகேறி இந்தியாவுக்குப் போகிறான் என்று அர்த்தம். அன்றிலிருந்து எனக்கு அந்தத் திரையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஒரு சின்னப் புள்ளியைக் கண்டுபிடித்த பிறகு இந்த மெஷின் என்ன செய்யும் என்று இன்ஜினியரிடம் கேட்டேன். நாங்கள் சொல்லுவோம், அவ்வளவுதான், என்ன செய்வது என்று வேறு ஆட்கள் முடிவு செய்வார்கள் என்றார். யார் அந்த வேறு ஆட்கள் என்று கேட்டேன். சிசிலிக்காரர் பதில் தெரியாதபோது செய்வதுபோல இரண்டு கையையும் விரித்துத் தோளைக் குலுக்கினார்.

அன்று வீட்டுக்கு வந்து முருகன் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். அந்தக் கடலிலும் ஒரு ராடர் இருக்குமே. அது என் தம்பியைக் காண வேண்டுமா, காணக் கூடாதா? கண்டால் கடற்படைக்காரன்கள் சுடுவான்கள். காணாமல் விட்டுப் படகு தாண்டு மூழ்கினால் தூக்குவதற்கு ஒருவரும் இல்லை. கம்பனியில் வயரைப் பிடுங்கும்போது, இதோடு எல்லாம் நின்று போகட்டும் என்று மனதுக்குள் சொல்லுவேன். நிற்காமல் ஓடினால் உடனே நிம்மதியாக இருக்கும். எனக்கு என்ன பைத்தியம் பிடித்திருக்கிறது என்று என்னையே ஏசிக்கொள்வேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதலில் சென்னையிலிருந்து சித்தப்பா டெலிபோன் எடுத்தார். பேசாலையிலிருந்து வெளிக்கிட்ட ஒரு படகு தாண்டுவிட்டதாம், ஒருவரும் மிஞ்சவில்லையாம், தம்பி அதில்தான் போனானாம். என் கணவர் ரிசீவரை வைத்துவிட்டு, ஒரு இடத்தால்தானே வந்திருக்கிறது, அழாதே என்றார். நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சோறு வடித்தேன். கொழும்புக்கு எடுத்தோம். பெரியம்மா தனக்கு ஒன்றும் தெரியாது, அப்படி ஒரு கதையும் வரவில்லை என்றா. பின்னேரம் லண்டன் மச்சாள் எடுத்தாள். அவள் வாயைத் திறக்க முன்பே அழுகை கேட்டது. என் கணவர் போன் மேசைக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டார்.

“ரெண்டு இடத்தாலை வந்திட்டுது,” என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் அழுதேன். சட்டப்படி அழுதேன் என்று இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. நாங்கள் குடியிருந்த கால்சாப் பகுதியில் எங்களைச் சுற்றி இருந்த தமிழ்ச் சனம் எல்லாம் வந்து, மாடிப்படி வரைக்கும் நின்றது. கீழ் வீட்டுச் சிசிலிக் கிழவி பெரிய கேத்தலில் கோப்பி போட்டுக் கொண்டுவந்தாள். தம்பியின் தனிப்படம் எங்களிடம் இருக்கவில்லை. என் கலியாண ஃபோட்டோவிலிருந்து அவனை வெட்டிப் பெருப்பித்தார்கள். என் தோளின் ஒரு துண்டும் சேலைக்கரையும் அவனோடு ஒட்டிக்கொண்டு வந்தன.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்ய வேண்டும். செத்தவரை இந்த வீட்டிலிருந்து வழியனுப்பிவைக்கிற கிரியை அது. ஊரில் என்றால் கீரிமலைத் தீர்த்தக் கரைக்குப் போவோம். பலெர்மோவில் கீரிமலையும் இல்லை, ஐயரும் இல்லை. பகேரியாவில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை செய்யும் ஒருவருக்குத் தேவாரம் தெரியும், அவரைக் கூப்பிட்டு மொண்டெல்லோக் கடற்கரையில் செய்யலாம் என்று என் கணவர் ஒழுங்கு செய்தார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு மட்டும்தான் அப்போது எனக்குத் தெம்பு இருந்தது.

வேலைக்குப் போகாமல் இருக்கவும் முடியவில்லை. வீட்டில் இருந்தால் அந்த ஃபோட்டோ. அந்தியேட்டிக்குச் சில நாள் இருக்கும்போது கம்பனிக்கு வெள்ளை உடுப்புப் போட்ட கடற்படை அதிகாரிகள் வந்திருந்தார்கள். இன்ஜினியரின் ஆட்கள் எல்லாரும் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்கள். சின்னப் படகையும் மெஷின் பிடிக்கும் என்று காட்டுவதற்காக, ஒரு மீன்பிடிக்காரரை மரப் படகோடு வெளியே போய்த் துறைமுகத்துக்கு முன்னால் நிற்கச் சொல்லியிருந்தார்கள். நான் அலுமாரிகளுக்குப் பின்னால், கூப்பிடும்போது வயர் பிடுங்குவதற்காகச் சுத்தமான மேலங்கியோடு நின்றேன்.

திரையில் படகு இல்லை. ஜன்னலுக்கு வெளியே படகு இருந்தது. மனுஷன் அதில் குந்தியிருந்து சிகரெட் பிடிப்பதுகூடத் தெரிந்தது. இன்ஜினியர் முதலாவது கம்ப்யூட்டரைப் பார்த்தார். இல்லை என்றது. இரண்டாவதும் இல்லை என்றது. மூன்றாவதும் இல்லை என்றது. ஒரு சிவப்பு விளக்குக்கூட எரியவில்லை. மூன்றும் ஒருமனப்பட்டு, ஒரு சந்தேகமும் இல்லாமல் வெறும் கடலைக் காட்டின. அதிகாரிகளில் ஒருவர் ஜன்னல் பக்கம் விரலை நீட்டினார். வெளியே மீன்பிடிக்காரர், தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டுத் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

அவர்கள் போன பிறகு இன்ஜினியர் கழுத்துப்பட்டியை இழுத்தெறிந்துவிட்டு நாற்காலியில் சரிந்தார். அவருடைய ஆட்கள் அவருடைய முகத்தில் முழிக்கப் பயந்து கீழே பாருக்குப் போய்விட்டார்கள். நான் வாளியோடு நின்றேன். சொல்ல வேறு ஆள் இல்லாதபடியால் எனக்குச் சொன்னார். மூன்றுக்குள்ளும் இருப்பது ஒரே புரோகிராம், ஒரே ஆள் எழுதியது. சின்னதாக, மரத்தால் இருப்பதையெல்லாம் அலை என்று தள்ளிவிடும்படி அவன் எழுதிவிட்டான். ஆகவே மூன்றும் தள்ளிவிட்டன. மூன்று பேரிடம் கேட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒருவனிடமே மூன்று தரம் கேட்டிருக்கிறேன் என்று சொல்லி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அப்படியென்றால், லண்டன் மச்சாளுக்கு ஆர் சொன்னது?

வாளியை அப்படியே வைத்துவிட்டுக் கீழே ஓடிப்போய், தெருமுனை டெலிபோன் பெட்டியிலிருந்து அவளுக்கு எடுத்தேன். இது என்ன கேள்வி மச்சாள் என்று முதலில் கோபித்தாள். விடாமல் கேட்டேன். சித்தப்பாவின் மகள் எடுத்துச் சொன்னவள் என்றாள். சித்தப்பாவுக்கு எடுத்தேன். அவருக்கு மண்டபம் அகதி முகாமில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி சொன்னாளாம். அவள் தம்பியின் உடலைக் கண்டாளா? இல்லை. அவன் அந்தப் படகில் ஏறினதைக் கண்டாளா? அதுவும் இல்லை. தான் படகேறும்போது அவன் பேசாலைக் கரையில் நின்றதைக் கண்டாள். அந்தக் கரையிலிருந்து போன படகொன்று தாண்டதென்று கேள்விப்பட்டாள். அவ்வளவுதான். இரண்டு இடம் என்று நாங்கள் நினைத்தது ஒரே வாய். தனக்குத் தெரியாது என்று சொன்ன பெரியம்மாவை நாங்கள் ஒதுக்கிவிட்டோம்.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுவரைக்கும் எனக்கு ஒரு சாவாவது இருந்தது. அழுவதா, ஃபோட்டோவுக்குப் பூ வைப்பதா என்ற அளவுக்காவது எல்லாம் தெளிவாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை. தெருவின் நடுவில் ரிசீவர் சூடு காதில் இருக்க, எந்தப் பக்கம் வீடு என்றுகூடத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டில் எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. நான் ஃபோட்டோவில் இருந்த மாலையைக் கழற்றினேன். அவர் திரும்பப் போட்டார். நான் திரும்பக் கழற்றினேன்.

“ஒரு வாய் சொன்னது எண்டதுக்காக அது பொய் எண்டில்லை,” என்றார். “உயிரோடை இருந்தால் இவ்வளவு நாளும் ஒரு கதை வராதே? காலத்திலை செய்யாட்டி அவன் எங்கை போவான்?”

“உயிரோடை இருக்கிறவனுக்குச் செய்தால் அவன் எங்கை போவான்?” என்று கேட்டேன்.

ஆனாலும் மனுஷன் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை. ஒரு கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினால் மற்ற இரண்டும் அதைச் செத்ததென்று எடுத்துக்கொள்ளும், ஆனால் அது அந்த மூலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், நான் கண்ணால் கண்டிருக்கிறேன் என்று ஏதோ உளறினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கடைசியில், நீ செய்ய வேண்டாம், நான் செய்கிறேன், பாவம் என்றால் என் தலையில் வரட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

முப்பத்தோராம் நாள் அவர் ரெஸ்டாரண்டுக்கு லீவு சொல்லிவிட்டு, விடிந்ததிலிருந்து தனியாகச் சமைத்தார். ஒருவரையும் குசினிக்குள் விடவில்லை. தம்பிக்கு விருப்பமானதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் வாசலில் நின்று பார்த்தேன். கலியாணம் முடிந்து ஊரில் எங்களோடு அவன் இருந்த கொஞ்சக் காலத்தில் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார். நான் கோபத்தில் இருந்தபடியால் அதை அவரிடம் சொல்லவில்லை.

மொண்டெல்லோவில் குளிக்கிற சனம் இல்லாத காலம். கழுசானை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டு அவர் தண்ணீருக்குள் இறங்கினார். பகேரியாக்காரர் கரையில் நின்று தேவாரம் பாடினார். நாயோடு நடக்க வந்த ஒரு சிசிலித் தம்பதி, என்னவென்று தெரியாவிட்டாலும் தெரிந்தவர்கள் மாதிரி சிலுவை போட்டுக்கொண்டு நின்றார்கள். நான் மணலில் காலே வைக்கவில்லை. தார் ரோட்டில் நின்றேன். அங்கேயிருந்து பார்த்தபோது, அவர் எள்ளைக் கடலில் விட்டுவிட்டுக் கன நேரம் திரும்பாமல் நின்றது தெரிந்தது. அவர் அழுகிறார் என்று எனக்குத் தெரியும். போய்ப் பக்கத்தில் நிற்கவும் ஆசையாக இருந்தது, கத்திக் கூப்பிட்டு நிறுத்தவும் ஆசையாக இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து ஃபோட்டோவுக்கு முன்னால் படைத்தோம். வாழையிலைக்கு எங்கே போவது, புதுத் தட்டு வாங்கியிருந்தார். பிறகு எல்லாரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கும் கூச்சப்பட்டு, சொல்லாமல் இருக்கவும் முடியாமல் சாப்பிட்டார்கள். நான் ஒரு பருக்கையும் தொடவில்லை. துக்கத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். துக்கம் இல்லை, பயம். அவர் செய்துவிட்டார், அது ஒன்று. நானும் சாப்பிட்டால் இரண்டாகிவிடும் என்று பயந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் கதை. கம்பனியில் ஒரு கம்ப்யூட்டருக்கு வேறு ஆட்களைக் கொண்டு வேறு புரோகிராம் எழுதத் தொடங்கியிருந்தார்கள். பழைய ஆட்களும் புது ஆட்களும் ஒருவரோடொருவர் கதைக்கக் கூடாது என்று கட்டளை. கீழே பாரில்கூட ஒரு கூட்டம் இந்த மூலையிலும் மற்றக் கூட்டம் அந்த மூலையிலும் நின்று கோப்பி குடித்தது. எங்கள் சொந்தக்காரருக்கும் இப்படி ஒரு கட்டளை போட வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். வேறு நாளில் என்றால் அவர் சிரித்திருப்பார்.

ஒருநாள் மத்தியானம் அவர் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. நான் எடுத்தேன். இரைச்சலுக்குள்ளால் ஒரு குரல், “அக்கா” என்றது.

தம்பியின் குரல் மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் நம்பவில்லை. ஒரு குரல் ஒரு இடம்தானே. அக்கா என்று யாரும் சொல்லலாம். என் கலியாணத்தன்று நீ எதை உடைத்தாய், சொல் என்று கேட்டேன். அவன் ஒன்றையும் உடைக்கவில்லை. வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டேன்.

“நான் ஒண்டும் உடைக்கேல்லை. அத்தான்ரை செருப்பைத்தான் துலைச்சனான்,” என்றான்.

ரிசீவரை என் கணவரின் கையில் திணித்தேன். இன்னொரு காதும் கேட்கட்டும் என்று. அவர் கேட்டார். மெல்ல மெல்லச் சுவரோடு சரிந்து, அன்றைக்குப் போலவே நிலத்தில் இருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, ஓம் என்று தலையாட்டினார்.

தம்பி ஏறியது வேறு படகு. அந்தப் படகுக்காரன் இந்தியா வந்துவிட்டது என்று சொல்லி அவர்களை ஒரு மணல் திட்டையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். சுற்றிவரக் கடல். கப்பல் சத்தம் கேட்டால் மணலில் குப்புறப் படுத்தார்களாம். குடிக்கத் தண்ணீர் முடிந்த பிறகு, சாரத்தைக் கழற்றித் தடியில் கட்டி ஆட்டினார்களாம். கடைசியில் ராமேஸ்வரத்து மீன்பிடிக்காரர் கண்டு ஏற்றினார்கள். அதன் பிறகு போலீஸ் விசாரணை என்று வைத்திருந்து, இப்போதுதான் முகாமுக்கு விட்டிருக்கிறார்கள்.

“முதல் ஒருத்தரும் எங்களைக் காணக் கூடாது எண்டு கும்பிட்டம் அக்கா,” என்றான். “பிறகு ஆரெண்டாலும் காணட்டும் எண்டு கும்பிட்டம். சுட்டாலும் பறவாயில்லை எண்டு.”

நானும் இங்கே அப்படித்தான் நின்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன்.

“உனக்கு அத்தான் அந்தியேட்டி செய்து போட்டார்.”

அவன் மெல்லக் கேட்டான்.

“என்ன படைச்சவர்?”

கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பருப்பு, வடை, பயத்தம் பணியாரம், பாயாசம் என்று சொன்னேன். பிரட்டல் உறைப்பாகவா, வடையில் உளுந்தா கடலையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. நிலத்தில் இருந்தபடியே என் கணவர் பதில் சொன்னார், நான் அதைத் திருப்பிச் சொன்னேன். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, ஆர் சாப்பிட்டது என்றான்.

“எல்லாரும். நான் மட்டும் தொடேல்லை.”

“ஏன் அக்கா?” என்றான். அவன் குரல் அப்போதுதான் உடைந்தது. “நாங்கள் அந்த மணல் திட்டையிலை சாப்பாட்டைப் பற்றியே கதைச்சுக்கொண்டு கிடந்தனாங்கள். நீங்கள் ஏன் சாப்பிடாமல் விட்டனீங்கள்?”